சிவப்பு ரயிலில் அறுபத்தைந்து நாட்கள்

1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள் சிகாகோ நகரிலிருந்து ஒரு தனி ரயில் மேற்குத் திசை நோக்கிப் புறப்பட்டது. ஓர் எஞ்சின்; அதன் பின்னே உண்ணவும் உறங்கவும் ஏற்ற பெட்டி; நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் அடைத்த சரக்குப் பெட்டி; எங்கும் சிவப்புத் துணித் தோரணங்கள்; உடன் ஒரு பாண்டு வாத்தியக் குழு. "சிவப்பு ஸ்பெஷல்" என்று அந்த ரயிலுக்குப் பெயர் வழங்கியது. அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குச் சோஷலிஸ்டுக் கட்சியின் சார்பில் போட்டியிட்ட யூஜீன் விக்டர் டெப்ஸ் அதில் பயணம் செய்தார். அவர் ஜனாதிபதி ஆகப்போவதில்லை என்பது எதிர்க்கட்சியாருக்குத் தெரியும். அவருடைய கட்சிக்காரர்களுக்கும் தெரியும். அவருக்கே நன்றாகத் தெரியும்.

வெற்றி பெற்றவர்களின் தேர்தல் பயணங்கள் வரலாற்று நூல்களில் விரிவாகக் கிடைக்கின்றன. வெற்றிக்கு வழியே இல்லாத சிறு கட்சி வேட்பாளர் ஒருவர் காலையில் எழுந்து என்ன செய்கிறார், இரவில் எந்த நிலையில் படுக்கைக்குப் போகிறார், இவ்வளவையும் எதற்காகச் செய்கிறார் என்பவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாக்கு எண்ணி முடித்தவுடன் அவர் ஓர் அடிக்குறிப்பாகிவிடுகிறார். டெப்ஸின் அந்த ஒன்பது வாரங்களைச் சற்று நின்று பார்த்தால், வேட்பாளரின் வேலை வாக்குச் சேகரிப்பது மட்டுமே என்னும் நம் எண்ணம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். டெப்ஸ் 1855-இல் இந்தியானா மாநிலத்து டெரி ஹோட் என்னும் ஊரில் பிறந்தவர். பெற்றோர் அல்சாஸ் பகுதியிலிருந்து குடியேறி மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவர்கள். தந்தைக்கு இலக்கியத்தில் பெரும் பற்று. யூஜீன் சூ, விக்டர் ஹியூகோ என்னும் இரண்டு பிரெஞ்சு எழுத்தாளர்களின் பெயரையும் சேர்த்து மகனுக்குச் சூட்டிவிட்டார். அந்த மகனோ பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ரயில்வேப் பட்டறைக்குப் போனார். வண்டிகளின் பழைய வர்ணத்தைச் சுரண்டுவது முதல் வேலை. பிறகு எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் ஆனார். 1874-இல் அந்த வேலையை விட்டார்; ஆனால் அடுத்த ஆண்டே பயர்மேன்களின் சங்கத்தில் சேர்ந்து, நாளடைவில் அதன் செயலாளராகவும் அதன் இதழுக்கு ஆசிரியராகவும் உயர்ந்தார்.

1893-இல் ரயில்வேத் தொழிலாளர் அனைவரையும் ஒரே சங்கத்தில் சேர்க்கும் பெருமுயற்சியை அவர் தொடங்கினார். அடுத்த ஆண்டு புல்மன் வேலைநிறுத்தம் வந்தது. ரயில் பெட்டிகள் கட்டும் புல்மன் கம்பெனி தன் தொழிலாளர்களைத் தானே கட்டிய ஊரில் குடிவைத்திருந்தது. வியாபாரம் குன்றியபோது கூலியைக் குறைத்த கம்பெனி, வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. முதலாளியே வீட்டுக்காரனாகவும் இருப்பதன் பொருளைத் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீதிமன்றத் தடையுத்தரவும் பட்டாளமும் சேர்ந்து அந்த வேலைநிறுத்தத்தை முறித்தன. டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. அவருடைய துணைவர்களில் ஒருவரான பிராங்க் பீலன் என்பவருக்குச் சின்சினாட்டி நகரில் ஆறு மாதத் தண்டனை விதித்த நீதிபதியின் பெயர் வில்லியம் ஹாவர்ட் டாப்ட். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஆளுநராக இருந்துவிட்டு, 1908-இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர் இதே டாப்ட்தான்.

ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்றவர் நாவன்மைக்குப் பெயர்போன வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அவருக்கு அது மூன்றாம் முறை. 1896-இல் அவர் முதன்முதலாகப் போட்டியிட்டபோது டெப்ஸ் அவரை ஆதரித்தவர். பிரையன் தோற்ற பிறகே, 1897-இன் தொடக்கத்தில், தாம் ஒரு சோஷலிஸ்டு என்று டெப்ஸ் வெளிப்படையாக அறிவித்தார். 1900-இல் முதன்முதலாக நின்று ஒரு லட்சத்துக்கும் குறைவான வாக்குகளைப் பெற்றார். 1904-இல் அது நான்கு லட்சத்தைத் தாண்டியது. இந்த வளர்ச்சியைக் கண்ட கட்சிக்குள் ஒரு நம்பிக்கை பிறந்தது. 1908-இல் பத்து லட்சம் வாக்கு கிடைக்கும் என்று பேசியவர்களும் இருந்தார்கள்.

ரயில் யோசனை கட்சியின் தேசியச் செயலாளர் மாலன் பார்ன்ஸ் என்பவருடையது. பெரிய கட்சிகளுக்கு ஊருக்கு ஊர் நாளிதழ்கள் இருந்தன. குடியரசுக் கட்சி அந்தத் தேர்தலுக்குச் செலவழித்தது பதினாறு லட்சம் டாலருக்கு மேல். சோஷலிஸ்டுகளிடம் இருந்தது ஒரு நல்ல பேச்சாளர். அவரை எத்தனை ஊருக்கு முடியுமோ அத்தனை ஊருக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும் என்பதே திட்டம். தனி ரயிலை வாடகைக்கு எடுத்தால்தான் அது நடக்கும். யாரிடம் எடுப்பது? ரயில்வேக் கம்பெனிகளிடந்தான். 1894-இல் டெப்ஸைச் சிறைக்கு அனுப்பிய அதே தொழிலின் முதலாளிகளுக்கு, ரயில்வேக்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்று பேசுவதற்காக, அவர் கட்சி வாடகைப் பணம் கட்டியது. அந்தக் காலத்து ஏடுகள் இதைக் குறித்துக் கேலி செய்தனவோ என்னவோ, டெப்ஸ் இதில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை. தண்டவாளம் வேறு யாரிடமும் இல்லையே!

இனி அவருடைய ஒரு நாளைப் பார்ப்போம்.

சிற்றூர் நிலையம் ஒன்றில் வண்டி நிற்கும். பாண்டு முழங்கும். வயலிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்தவர்கள் கடைசிப் பெட்டியின் பின்புறம் கூடுவார்கள். குதிரை வண்டியில் பெண்டு பிள்ளைகளோடு வந்த குடியானவர்களும் இருப்பார்கள். பின்புறத் திண்ணையில் உயரமான, ஒல்லியான, வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் வந்து நிற்பார். கைப்பிடிக் கம்பிக்கு மேலாக உடலை முன்னே வளைத்து, நீண்ட கையை நீட்டி, விரலைக் கூட்டத்தை நோக்கிச் சுட்டியபடியே பேசுவார். அவர் தன்னை மட்டும் பார்த்துத் தனியே பேசியதாகக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தோன்றும் என்பது அவரைக் கேட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. வண்டி நிற்கும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் பேச்சு, கைகுலுக்கல், குழந்தைகளைத் தட்டிக்கொடுத்தல் எல்லாம் முடிய வேண்டும். இதற்கிடையே சரக்குப் பெட்டியிலிருந்து கட்டுக்கட்டாகப் பிரசுரங்கள் இறங்கும். விசில் ஊதும். அடுத்த ஊரில் மீண்டும் பாண்டு, மீண்டும் திண்ணை, மீண்டும் அதே பேச்சு.

இவ்வாறு ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்துத் தடவை. மாலையானால் பெரிய நகரம். அங்கே மண்டபக் கூட்டம். ஒன்றரை மணியோ இரண்டு மணியோ பேச்சு. இங்கே ஒரு விசேஷம் உண்டு. பெரிய கட்சிகளின் கூட்டங்களுக்குப் போகக் காசு வேண்டியதில்லை. சோஷலிஸ்டுகளோ பல நகரங்களில் நுழைவுச் சீட்டு விற்றார்கள். நியூயார்க் ஹிப்போட்ரோம் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வந்து அமர்ந்து கேட்டார்கள். தோற்கப் போகிறவரின் பேச்சைக் கேட்கத் தொழிலாளி தன் கூலியிலிருந்து காசு கொடுத்தான் என்பதைப் பெரிய கட்சிக்காரர்கள் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. கூட்டம் முடிந்து ரயிலுக்குத் திரும்பினால், உறங்குவதும் ஓடும் வண்டியில்தான். விடிந்தால் வேறு ஊர்.

1908-இல் ஒலிபெருக்கி கிடையாது. இதைச் சொல்லும்போது ஆசிரியர்களாகிய நமக்குத் தொண்டை தானே கரகரக்கும். நான்கு சுவருக்குள் நாற்பது பிள்ளைகளுக்குப் பகல் முழுதும் குரல் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நமக்கு வருகிற நிலை நமக்கே தெரியும். அந்த மனிதர் திறந்த வெளியில், எஞ்சின் மூச்சுவிடும் ஓசைக்கு நடுவே, ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்கும்படி பேசினார்; அதுவும் ஐம்பத்திரண்டு வயதில். முதுகு வலி, தலைவலி, தொண்டைப் புண் எல்லாம் வழியிலேயே வந்து சேர்ந்தன. அவருடைய தம்பி தியடோர் உடன் இருந்து தாதியைப் போலக் கவனித்துக்கொண்டார். தம்பிக்கு அண்ணனுடைய சாயல். அண்ணன் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்த சில சிற்றூர்களில் தம்பியே திண்ணையில் வந்து நின்று கையசைத்து மக்களை வாழ்த்தியதுண்டு என்று டெப்ஸின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். இதை ஏமாற்று என்பாரும் இருக்கலாம். காத்திருந்தவர்களை ஏமாற்றக் கூடாதே என்பதற்காகச் செய்த ஏமாற்று என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

துணை ஜனாதிபதி பதவிக்கு நின்றவர் பென் ஹான்போர்டு என்னும் நியூயார்க் அச்சுத் தொழிலாளி. அவரும் நோயாளி, 1910-இல் இறந்துபோனார். அவர் எழுத்தில் படைத்த ஒரு பாத்திரம் அந்தக் கட்சியில் பழமொழி போல் வழங்கியது. ஜிம்மி ஹிக்கின்ஸ் என்பது அந்தப் பாத்திரத்தின் பெயர். கூட்டத்துக்கு நாற்காலி சுமப்பவன், மேடை போடுபவன், பிரசுரம் விற்பவன், எல்லாரும் போனபின் இடத்தைப் பெருக்குபவன். சுவரொட்டியில் பெயர் வராதவன். நம் ஊர்த் திருவிழாக்களிலும் சங்க ஆண்டு விழாக்களிலும் இந்த ஜிம்மியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். சிவப்பு ரயில் ஓரிடத்தில் பத்து நிமிடம் நின்றது என்றால், அந்தப் பத்து நிமிடத்துக்காக அவ்வூர் ஜிம்மிகள் பல நாட்கள் உழைத்திருந்தார்கள். ரயில் போன பின்பு, இறக்கிவைத்த பிரசுரக் கட்டுகளை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்களும் அவர்களே. டெப்ஸின் பயணத்தில் மிஞ்சியது எது என்று என்னைக் கேட்டால் பேச்சைவிட அந்தக் கட்டுகளையே முதலில் சொல்வேன்.

பணத்தைப் பற்றி ஒரு வழக்கு எழுந்தது. அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ் அந்த ஆண்டு பிரையனை ஆதரித்தார். டெப்ஸ் பெறும் ஒவ்வொரு தொழிலாளர் வாக்கும் பிரையனுக்குக் குறையும் வாக்கு என்பது அவர் கணக்கு. ஆகவே, சிவப்பு ரயிலின் செலவை மறைவில் நின்று கொடுப்பது குடியரசுக் கட்சியே என்று அவர் குற்றம் சாட்டினார். சிறு கட்சி வேட்பாளர் எந்நாட்டில் தலையெடுத்தாலும் அவர்மேல் முதலில் வந்து விழுவது இந்தப் பழிதான்: "வாக்கைப் பிரிக்க வந்தவன், எவனோ கூலி கொடுத்து அனுப்பியிருக்கிறான்." கோம்பர்ஸுக்கும் தம்மளவில் நியாயம் இல்லாமல் இல்லை. வெல்லக்கூடிய ஒருவரிடமிருந்து இன்றைக்கே ஒரு சட்டத்தையாவது பெற்றுத் தொழிலாளிக்குக் கொடுக்க நினைத்தவர் அவர். ஆயினும் ஆதாரமில்லாமல் பழி சொன்னது தகாது. சோஷலிஸ்டுகள் இதற்கு வசைமொழியால் பதில் சொல்லவில்லை. நன்கொடை கொடுத்த ஏறத்தாழ 15,000 பேரின் பட்டியலை அச்சிட்டு வெளியிட்டார்கள். சில்லறைக் காசுகளாகச் சேர்ந்த பணம் அது. பதினைந்தாயிரம் பெயர்களையும் எழுதிவைத்த அந்தக் கணக்குப்பிள்ளையின் பொறுமையை எண்ணி நான் வியப்பதுண்டு.

ரயில் பசிபிக் கடற்கரை வரை சென்று, செப்டம்பரில் சிகாகோ திரும்பி, அதன்பின் கிழக்கே போய், தேர்தலுக்கு முதல் நாள் டெப்ஸின் சொந்த ஊரான டெரி ஹோட்டில் பயணத்தை முடித்தது. 33 மாநிலங்கள், 300-க்கு மேற்பட்ட ஊர்கள். எங்கும் பெருங்கூட்டம். கேட்டவர்களின் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 3-ஆம் நாள் வாக்களிப்பு. நீதிபதியாய் இருந்த டாப்ட் எழுபத்தாறு லட்சத்துக்கு மேல் பெற்று ஜனாதிபதி ஆனார். பிரையனுக்கு அறுபத்து நான்கு லட்சம். டெப்ஸுக்குக் கிடைத்தது நான்கு லட்சத்து இருபதாயிரம். நான்கு ஆண்டுகளுக்கு முன், ரயிலும் பாண்டும் இல்லாதபோது, அவர் பெற்றது நான்கு லட்சத்து இரண்டாயிரம். வாக்களித்தோர் தொகையும் பெருகியிருந்ததால் விகிதக் கணக்கில் பார்த்தால் மூன்று சதவிகிதத்திலிருந்து 2.8-ஆகச் சற்றே இறங்கியிருந்தது. அறுபத்தைந்து நாள் உடலை உருக்கியதன் பலன் இதுதானா என்று கட்சிக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. டெப்ஸ் நோயோடு ஓய்வில் கிடந்தார்.

கூட்டம் எங்கே போயிற்று? பிரையனிடம் தொழிலாளர் வாக்கு திரும்பியது ஒரு காரணம். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் யார் யார் என்று பாருங்கள். பெண்கள் நின்றார்கள், 1908-இல் ஜனாதிபதித் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை இருந்தது வயோமிங், கொலராடோ, யூட்டா, ஐடஹோ என்னும் நான்கே மாநிலங்களில். அண்மையில் ஐரோப்பாவிலிருந்து வந்து சுரங்கத்திலும் ஆலையிலும் சேர்ந்தவர்கள் நின்றார்கள். பலருக்குக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. மரம் வெட்டவும் கதிர் அறுக்கவும் ஊர் ஊராய்ச் செல்லும் கூலிகள் நின்றார்கள். ஒரே இடத்தில் இத்தனை மாதம் குடியிருந்தால்தான் வாக்கு என்னும் சட்டம் அவர்களைத் தள்ளிவைத்தது. தெற்கே கறுப்பு மக்களின் வாக்குரிமையை வரியாலும் சோதனைகளாலும் பறித்திருந்தார்கள். ஆக, டெப்ஸின் பேச்சை மிகவும் உருக்கமாகக் கேட்டவர்களில் பலர் வாக்குச் சாவடிக்குள் நுழையவே முடியாதவர்கள். மலாயாவில் 1955-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. தோட்டப்புறத்தில் மேடைப் பேச்சைக் கேட்டுக் கைதட்டிய நம் பெரியவர்கள் பலரிடம் வாக்குச் சீட்டு இல்லை. அந்த நினைவோடு படித்தால் 1908-இன் கணக்கு நமக்குக் கொஞ்சம் எளிதாகவே புரியும்.

இதை டெப்ஸ் அறியாதவர் அல்லர். வாக்கில்லாதவர்கள் நிற்கும் ஊரில் வண்டியை நிறுத்துவது வீண் என்று கணக்குப் போடும் தேர்தல் நிபுணர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். அவர் ரயில் அத்தகைய ஊர்களிலும் நின்றது. தலைவர் ஒருவர் கைப்பிடித்து மக்களை அழைத்துச் செல்லலாம் என்னும் எண்ணமே அவருக்குப் பிடிக்காது. தம் நிலையைத் தாமே உணர்ந்தவர்கள்தாம் எழ முடியும் என்பதைப் பலவிதமாகச் சொல்லி வந்தவர். அப்படிப்பட்டவருக்கு மேடை என்பது வகுப்பறை. வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வாக்குண்டா என்று எந்த ஆசிரியரும் கேட்பதில்லை. எனினும் இதை வைத்து அவரைப் பற்றற்ற முனிவராக்கிவிட வேண்டாம். நான்கு லட்சம் என்ற எண் அவரை வருத்தாமல் விட்டிருக்காது. பத்து லட்சத்தை எதிர்பார்த்த கட்சியின் முகமாக நின்றவர் அவர்.

1912-இல் நான்காம் முறை நின்றார். ஒன்பது லட்சம் வாக்குகள், நூற்றுக்கு ஆறு. அந்தக் கட்சி ஜனாதிபதித் தேர்தலில் எட்டிய உச்ச விகிதம் அதுவே. 1908-இல் இறக்கிய கட்டுகளுக்கும் இந்த ஒன்பது லட்சத்துக்கும் உறவு எவ்வளவு என்று அளக்க ஒரு கோல் கிடையாது. உறவே இல்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக அவர் நின்ற தேர்தல் 1920-இல். 1918 ஜூன் மாதத்தில் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில் முதல் உலகப் போருக்கு எதிராகப் பேசியதற்காகப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, அட்லாண்டாச் சிறையில் 9653 என்ற எண்ணுள்ள கைதியாக இருந்தார் அப்போது. ரயில் இல்லை, திண்ணை இல்லை, கூட்டம் இல்லை. வாரத்துக்கு ஐந்நூறு சொற்களுக்கு மிகாத ஓர் அறிக்கை வெளியே அனுப்பலாம் என்பது அவருக்குக் கிடைத்த சலுகை. அவர் கட்சியார் சட்டையில் குத்திக்கொண்ட வில்லைகளில் அந்தக் கைதி எண்ணே பொறிக்கப்பட்டிருந்தது. எண்ணி முடித்தபோது ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அவருக்கு விழுந்திருந்தன. ரயிலில் அலைந்ததைவிடச் சிறையில் இருந்ததே லாபம் என்று இதைக் கொண்டு யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது, விகிதம் 3.4-தான். ஆனால் அந்த ஆண்டுதான் அமெரிக்கா முழுவதும் பெண்கள் முதன்முதலாக ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் குதிரை வண்டியில் வந்து, கைக்குழந்தையோடு நின்று, சிவப்பு ரயிலின் பின்திண்ணையைப் பார்த்துவிட்டுப் போனவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.